ஏழைக் குடும்பத்துக்கு நேரடியா பணம் குடுக்கிற திட்டக்காரங்களுக்கு: தேதியைச் சொல்லுங்க, அது போதும்

வணக்கம்.

கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியா பணம் குடுக்கிற திட்டங்களை எழுதுறவங்க, அதுக்குக் கையெழுத்து போடுறவங்க, நிதி ஒதுக்குறவங்க, அரசாங்கத்துல இருந்தாலும் சரி, தொண்டு நிறுவனத்துல இருந்தாலும் சரி, உலக வங்கி மாதிரி பெரிய இடத்துல இருந்தாலும் சரி, உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

இந்தத் திட்டம் பத்தி எங்க பேச்செடுத்தாலும் முதல்ல வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "காசைக் கையில குடுத்தா குடிச்சே தீர்த்துட மாட்டாங்களா?" அடுத்த கேள்வி, "சும்மா வர்ற காசுன்னா வேலைக்குப் போவானா?" இந்த ரெண்டுக்கும் பதில் எப்பவோ வந்தாச்சு. உலக வங்கியில இருந்த டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகள்ல நடந்த 19 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்தாங்க, பணம் வாங்கின குடும்பங்கள்ல சாராயம் சிகரெட் செலவு கூடல, சராசரியா பார்த்தா கொஞ்சம் குறைஞ்சுதான் இருந்துச்சு. சோம்பேறி ஆயிடுவாங்கன்றதை அபிஜித் பானர்ஜியும் கூட இருந்தவங்களும் 2017ல சோதிச்சாங்க, ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகராகுவா, பிலிப்பைன்ஸ்னு 6 நாட்டுத் திட்டங்களோட டேட்டா, பணம் வாங்கினதால வேலையை விட்டாங்கன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் சிக்கல. இத்தனைக்கு அப்புறமும் அதே கேள்வி ஏன் முதல்ல வருதுன்னா, என் அபிப்பிராயம், அந்தக் கேள்வி தப்பை வாங்குறவங்க பக்கம் தள்ளிடுது, குடுக்குறவங்க தரப்பை யாரும் நோண்ட வேண்டியதில்ல, அவ்ளோதான். நான் இன்னைக்கு குடுக்குறவங்க தரப்பைத்தான் நோண்டப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். கிராமத்துல வறுமைன்னா வருமானம் கம்மின்னு மட்டும் அர்த்தமில்ல, அது எப்ப வரும்னு தெரியாதுன்றதுதான் பெரிய தொல்லை. அறுவடை சமயத்துல கொஞ்சம் பணம் புரளும், கூலி வேலை இருக்கும், அப்புறம் சில மாசம் ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாத மாசத்துலதான் கடன் வாங்குவாங்க, அந்தக் கடனை அடைக்கறதுக்காக விளைஞ்சதை விலை அடிமட்டத்துல இருக்கும்போதே வித்துட்டு, சில மாசம் கழிச்சு அதே தானியத்தை ஏறின விலைக்கு வாங்கிச் சாப்பிடுவாங்க. விவசாயம் தெரியாமலா அப்படி விக்கறாங்க? நல்லாத் தெரியும். கடன்காரன் வாசல்ல நிக்கும்போது விலை ஏறட்டும்னு காத்திருக்க முடியாது. குட்டி போடப் போற ஆட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடறதும் இதே கணக்குத்தான், பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளையை நிறுத்தறதும் இதே கணக்குத்தான். ஆக இந்த வீடுகள்ல பணம் செய்யற வேலையே, சரியான நேரத்துல வந்து ஒரு நஷ்டத்தைத் தடுக்கறது. நேரம் தப்பிச்சுன்னா தொகை எவ்ளோ பெருசா இருந்தாலும் பாதி வேலை போச்சு.

இதை நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லல. கானாவுல 2008ல லீப்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, பரம ஏழைக் குடும்பங்களுக்கு முறையா பணம். மதிப்பீடு பண்ணிப் பார்த்தப்ப குடும்பத்தோட சாப்பாட்டுச் செலவு, மத்த செலவு எதுவும் கூடவே இல்ல. "பார்த்தியா பணம் குடுத்து ஒண்ணும் ஆகல"ன்னு தாண்டிப் போயிடலாம், ஆனா உள்ள போய்ப் பார்த்தா பணம் ஒழுங்கா போய்ச் சேரவே இல்ல, மாசக்கணக்கா ஒண்ணும் வராது, அப்புறம் பழைய பாக்கியெல்லாம் சேர்ந்து ஒரே மூட்டையா வரும். அந்தக் குடும்பங்க என்ன பண்ணுச்சுன்னா, வந்த பணத்தை வச்சுக் கடனைக் குறைச்சாங்க, கொஞ்சம் சேமிச்சாங்க. எப்ப வரும்னு தெரியாத பணத்தை நம்பி அடுப்பெரிக்க முடியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, நியாயமான முடிவு. ஜாம்பியாவுல 2010ல சின்னக் குழந்தைங்க இருக்கற வீடுகளுக்குன்னு ஒரு திட்டம் வந்துச்சு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, ஒழுங்கா. அங்க சாப்பாடும் தேறுச்சு, அதோட நிக்கல, விதை உரம் வாங்கினாங்க, பயிர் பண்ற நிலத்தோட பரப்பு கூடுச்சு, ஆடு மாடு கோழி கூடுச்சு, கூலிக்குப் போறதைக் குறைச்சிட்டு சொந்த நிலத்துல உழைச்சாங்க. ரெண்டு நாட்டுக்கும் நூறு வித்தியாசம் இருக்கும்தான், தொகையும் ஒண்ணு கிடையாது, ஆனாலும் பணம் நாள் தவறாம வந்ததும் வராததும் இந்த ரெண்டு கதைக்கும் நடுவுல இருக்கற ஒரு பெரிய வித்தியாசம்னு ஆய்வு பண்ணவங்களே எழுதியிருக்காங்க.

நீங்க லேட் பண்றது உங்களுக்கு ஒரு ஃபைல் ஒரு டேபிள்ல நின்னது மட்டும்தான். அங்க அந்த லேட்டுக்கு வட்டி ஓடுது.

இப்போ, மாசாமாசம் குடுக்கலாமா மொத்தமா குடுக்கலாமான்னு ஒரு சண்டை உங்களுக்குள்ள ரொம்ப நாளா நடக்குது. மொத்தமா குடுத்தா செலவழிச்சுடுவாங்கன்ற பயத்துல மாசாமாசம்னு முடிவு பண்றதுதான் வழக்கம். மேற்கு கென்யாவுல கிவ்டைரக்ட்லி அமைப்பு குடுத்த பணத்தை ஹவுஷோஃபரும் ஷபீரோவும் ஆராய்ஞ்சாங்க, 2016ல வெளியாச்சு. மாசாமாசம் வாங்கின வீடுகள்ல சாப்பாட்டு நிலைமை நல்லா ஆச்சு, மொத்தமா வாங்கின வீடுகள்ல நீடிச்சு நிக்கற பொருளா வாங்கினாங்க. அதுல நிறைய பேர் வாங்கினது தகரக் கூரை. வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு இது வீட்டை அழகு பண்ற செலவு மாதிரி தோணலாம். ஆனா கிட்டப் போய்ப் பாருங்க. புல்லுக் கூரைன்னா ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தியாகணும், புல்லுக்குக் காசு, வேயற ஆளுக்குக் காசு, நடுவுல மழை பெஞ்சா ஒழுகும், உள்ள வச்சிருக்கற தானியம் நனையும், ராத்திரி பிள்ளைங்களை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நகர்த்திட்டே இருக்கணும். தகரம் ஒரு தடவை போட்டா வருஷக்கணக்குல அந்தச் செலவு இல்ல, அப்படிப் பார்த்தா அது லாபமான முதலீடு. இந்தக் கணக்கை அந்த வீட்டுக்காரங்களுக்கு யாரும் ட்ரெய்னிங் குடுத்துச் சொல்லித் தரல, அவங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லாம இருந்தது மொத்தமா ஒரு தொகை மட்டும்தான்.

இன்னும் ஒண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அதே கென்யாவுல 12 வருஷம் தொடர்ந்து மாசாமாசம் பணம்னு ஒரு பெரிய பரிசோதனை நடந்துட்டு இருக்கு, இன்னொரு பிரிவுக்கு 2 வருஷம் மட்டும் மாசாமாசம், மூணாவது பிரிவுக்கு அந்த 2 வருஷத்துப் பணம் மொத்தமா. 2023ல வந்த முடிவுல மொத்தமா வாங்கினவங்களும் 12 வருஷம் வரும்னு உறுதி கிடைச்சவங்களும் நல்லா முன்னேறினாங்க, சொந்தமா சின்னச் சின்ன தொழில் ஆரம்பிச்சாங்க, 2 வருஷம் மட்டும் வாங்கினவங்கதான் அந்த அளவுக்கு வரல. சரி, 12 வருஷக்காரங்க மாசாமாசம்தானே வாங்கறாங்க, எப்படி முதல் போட்டாங்க? சீட்டு போட்டாங்க! பத்து பேர் சேர்ந்து மாசப் பணத்தைப் போட்டு ஆளாளுக்கு முறை வச்சு மொத்தமா எடுத்துக்கிட்டாங்க. நீங்க மொத்தமா குடுக்க பயந்ததை அவங்களே மொத்தமா ஆக்கிக்கிட்டாங்க. ஆனா இதுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருக்கு பாருங்க, அடுத்த மாசமும் பணம் வரும், அதுக்கடுத்த மாசமும் வரும்ன்ற நம்பிக்கை இருந்தாதான் சீட்டு நிக்கும். மறுபடியும் தேதிதான்.

தேதி எவ்ளோ தூரம் போகும்னா உயிர் வரைக்கும் போகும். கென்யாவோட சியாயா பகுதியில 653 கிராமம், அதுல 10,500க்கும் மேல ஏழைக் குடும்பங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் சுமார் 1,000 டாலர் குடுத்தாங்க. எட்வர்ட் மிகேல், டென்னிஸ் எக்கர் எல்லாரும் சேர்ந்து பல வருஷம் அதைத் தொடர்ந்து பார்த்தாங்க. 2025ல வந்த ஆய்வுல ஒரு வயசுக்குள்ள குழந்தை சாகறது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. அதுலயும் பிரசவத்தை ஒட்டி பணம் கைக்கு வந்த வீடுகள்லதான் பலன் நல்லாத் தெரிஞ்சுது, டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்த இடங்கள்ல இன்னும் அதிகமா. காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல. நிறைமாசத்துலயும் பிள்ளை பெத்த உடனேயும் அந்தப் பொண்ணுங்க வேலைக்குப் போறதைப் பெரிய அளவுல குறைச்சுக்கிட்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெத்துக்கிட்டாங்க. அதே தொகை ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தா அந்தக் குழந்தைக்கு என்ன பிரயோஜனம்? இதுல இன்னொண்ணையும் கவனிங்க, ஆஸ்பத்திரி இல்லாத இடத்துல பணம் மட்டும் போய் அவ்ளோ பண்ண முடியல. "பணம் குடுத்துட்டோமே, இனிமே நர்ஸ் எதுக்கு, ஸ்கூல் எதுக்கு"ன்னு பட்ஜெட்டை வெட்டற ஆளுங்க உங்கள்ல இருக்காங்க, அவங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கணும்.

அடுத்து, பணம் கைக்கு வர்ற பாதை. உங்க ரிப்போர்ட்ல "வரவு வைக்கப்பட்டது"ன்னு எழுதின உடனே வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறீங்க, அந்த அம்மாவுக்கு வேலையே அங்கதான் ஆரம்பிக்குது. ஜார்க்கண்ட்ல ராஞ்சி பக்கத்துல நகரின்னு ஒரு வட்டாரம், 2017 அக்டோபர்ல அங்க ரேஷன் அரிசியை மலிவா குடுக்கறதுக்குப் பதிலா மானியத்தைப் பேங்க்ல போட்டாங்க. அதுக்கு முன்னாடி கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கிட்டிருந்த அரிசி. இப்போ என்ன பண்ணணும்னா, முதல்ல பேங்குக்குப் போய் பணம் ஏறிடுச்சான்னு பார்க்கணும், ஏறியிருந்தா எடுக்கணும், அங்க க்யூ, இல்லன்னா சேவை மையத்துக்குப் போய் ரேகை வைக்கணும், அப்புறம் அந்தப் பணத்தை எடுத்துட்டு ரேஷன் கடைக்குப் போய் கிலோ 32 ரூபாய்னு குடுத்து அதே அரிசியை வாங்கணும். வீட்டுல நாலு பேருக்குக் கணக்கு இருந்தா எந்தக் கணக்குல விழுந்துச்சுன்னே தெரியாது. பணம் ஏறலன்னா அந்த மாசம் அரிசி இல்ல. வயசானவங்க, கூலிக்குப் போறவங்க இதுக்காக நாள் நாளா அலைஞ்சாங்க, போன அன்னைக்குக் கூலி போச்சு. ஜனங்க திரண்டு எதிர்த்தாங்க, ஊர்வலம் போனாங்க, 2018 ஆகஸ்ட்ல திட்டத்தையே வாபஸ் வாங்கினாங்க. இந்த ஒரு கதையை வச்சு பணமே வேணாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, நான் அந்தக் கட்சி இல்ல. மத்தியப் பிரதேசத்துல சேவான்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியோட 2011, 2012 வாக்குல கிராமங்கள்ல ஆளுக்கு இவ்ளோன்னு எந்த நிபந்தனையும் இல்லாம குடுத்துப் பார்த்தாங்க, அங்க கடன் குறைஞ்சுது, சொந்த நிலத்துல வேலை கூடுச்சு, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனாங்க. ஒரு இடத்துல ஏற்கனவே ஓடிட்டு இருந்ததைப் பிடுங்கிட்டு அதுக்குப் பதிலா பணம், இன்னொரு இடத்துல இருக்கறதுக்கு மேல கூடுதலா பணம். ரெண்டுக்கும் பேர் நேரடிப் பணம்தான், வாழற வீட்டுக்குள்ள ரெண்டும் ஏணி வச்சாலும் எட்டாது.

விலைவாசியைப் பத்தி சொல்லாம போனா நான் ஒருபக்கமா பேசறேன்னு சொல்வீங்க. சியாயாவுல அவ்ளோ பணத்தைக் கொட்டியும் விலை பெருசா ஏறல, வாங்காத குடும்பங்களுக்கும் கடைக்காரங்களுக்கும்கூட வருமானம் கூடுச்சு, குடுத்த 1 டாலர் அந்த வட்டாரப் பொருளாதாரத்துல 2.5 டாலரா சுத்தினதா கணக்கு போட்டாங்க. ஆனா பிலிப்பைன்ஸ்ல நடந்ததையும் பார்க்கணும். அங்க ஒதுக்குப்புறமான, ஊர்ல பெரும்பாலானவங்க பணம் வாங்கின கிராமங்கள்ல முட்டை மாதிரி சீக்கிரம் கெட்டுப்போற, வெளியில இருந்து கொண்டு வர கஷ்டமான சத்துள்ள சாப்பாட்டோட விலை ஏறிடுச்சு. பணம் வாங்கின வீட்டுப் பிள்ளை சமாளிச்சுடுச்சு, லிஸ்ட்ல இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வளர்ச்சி குன்றிப் போச்சு. அந்தப் பக்கத்து வீடும் பணக்கார வீடு இல்ல, ஏழையா இல்லையான்னு போடற மார்க்ல ஒண்ணு ரெண்டு கூடிப்போய் விட்டுப்போன வீடு. ரோடு சரியா இல்லாத, சரக்கு வராத ஊர்ல பாதிப் பேருக்குக் குடுத்து பாதிப் பேரை விடறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணுமா வேணாமா? எத்தியோப்பியாவுல இன்னொரு மாதிரி. அங்க 2005ல ஆரம்பிச்ச பெரிய பாதுகாப்புத் திட்டத்துல ஒரு நாள் வேலைக்கு அந்த நாட்டுக் காசுல 6 பிர்னு நிர்ணயம் பண்ணியிருந்தாங்க, 2007, 2008ல தானிய விலை தாறுமாறா ஏறுச்சு, கூலியை 2008ல 8 பிர் ஆக்கினாங்க, யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுக்கு முன்னாடி பணம் கேட்டவங்களே பணம் வேணாம், தானியமா குடுங்கன்னு மாறிட்டாங்க. விலை ஏறினா தொகையும் தானா ஏறும்னு திட்டத்துலயே எழுதிட்டா போச்சு, உங்க சம்பளத்துக்கு மட்டும் அந்த ஏற்பாடு ஒழுங்கா இருக்கே.

லிஸ்ட் விஷயமும் சொல்லணும். இந்தோனேசியா 2005ல எரிபொருள் மானியத்தைக் குறைச்சிட்டு அவசர அவசரமா ஏழைங்களைக் கணக்கெடுத்து ஒரு கோடிக்கும் மேலான குடும்பங்களுக்குப் பணம் குடுத்துச்சு. வேகம் பாராட்டணும். ஆனா நிறைய பேர் தப்பா விட்டுப்போனாங்க, தப்பா சேர்ந்தாங்க, ஊருக்கு ஊர் ஆர்ப்பாட்டம், ஊர்த் தலைவருங்களை மிரட்டினாங்க. தப்பு அதிகமா நடந்த இடங்கள்ல குற்றங்கள் கூடுச்சு, ஊர்ப் பொதுவேலைக்கு ஆளுங்க வர்றது குறைஞ்சுதுன்னு பிற்பாடு ஆய்வுல வந்துச்சு. பணம் போய் முடிஞ்சிடும், "அவனுக்கு வந்துச்சு எனக்கு வரல"ன்றது அந்த ஊர்ல ரொம்ப நாள் நிக்கும். அதுக்குத்தான் சொல்றேன், ஓட்டு வீடா, சைக்கிள் இருக்கா, டிவி இருக்கான்னு மார்க் போட்டு ஏழையைப் பிரிக்கறதுல ஒரு அளவுக்கு மேல மெனக்கெடாதீங்க. ஜாம்பியாக்காரங்க பண்ண மாதிரி இந்த வட்டாரம், இந்த வயசுக்குள்ள குழந்தை இருக்கற வீடு, அவ்ளோதான்னு வச்சா ஊர்ல யாரைக் கேட்டாலும் காரணம் சொல்லுவாங்க. சிலர் தகுதி இல்லாமலும் வாங்குவாங்க, வாங்கட்டுமே.

நிபந்தனை போடலாமான்றதுல என்கிட்ட தீர்ப்பு கிடையாது. மலாவியில பொண்ணுங்களை வச்சுப் பார்த்தப்ப பள்ளிக்கூடத்துக்கு வந்தாத்தான் பணம்னு சொன்ன பிரிவுல படிப்பு அதிகம் தேறுச்சு, நிபந்தனை இல்லாம குடுத்த பிரிவுல, படிப்பை நிறுத்திட்ட பொண்ணுங்களுக்குச் சின்ன வயசுலயே கல்யாணமும் பிள்ளைப்பேறும் குறைஞ்சுது, ஏன்னா பள்ளிக்கூடம் போகலன்னாலும் பணம் நிக்கல. எந்தப் பொண்ணுக்குப் பணம் ரொம்பத் தேவையோ அவளைத்தான் நிபந்தனை முதல்ல வெளியே தள்ளும், இதை மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

பணம் எல்லாத்தையும் மாத்திடும்னும் நான் சொல்லல. உகாண்டாவோட வடக்குப் பகுதியில இளைஞர்களுக்குத் தொழில் தொடங்க ஆளுக்கு 400 டாலர் வாக்குல குடுத்தாங்க, 4 வருஷம் கழிச்சுப் பார்த்தப்ப பணம் வாங்கினவங்க வருமானம் மத்தவங்களை விட 38 சதவீதம் அதிகம், எல்லாரும் கொண்டாடினாங்க. 9 வருஷம் கழிச்சுப் பார்த்தா வாங்காதவங்களும் மெல்ல மெல்ல அந்த நிலைக்கு வந்து சேர்ந்துட்டாங்க, வருமான வித்தியாசம் கரைஞ்சு போச்சு, கையில இருந்த உடைமையும் தொழில் பழக்கமும் மட்டும் மிச்சம். இதைத் தோல்வின்னு சிலர் எழுதினாங்க. அஞ்சாறு வருஷம் ஒரு குடும்பம் முன்னாடியே மேல வந்துச்சுன்னா அந்த வருஷங்கள்ல வளர்ந்த குழந்தைக்கு அது முழு பால்யம் சார், அதை எந்தக் காலத்துலயும் பிற்பாடு குடுத்து ஈடுகட்ட முடியாது.

சரி, நான் கேக்கறது என்னன்னு சொல்லிடறேன், பெருசா ஒண்ணும் இல்ல. பணம் வர்ற தேதியைத் திட்டத்தோட முதல் பக்கத்துலயே போடுங்க, அந்த ஊர்ல வேலை இல்லாத மாசம் எதுன்னு கேட்டுட்டு அதுக்கு முன்னாடி வர்ற மாதிரி போடுங்க, மொத்தமாவா மாசாமாசமான்னு அவங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. பணத்தை எடுக்கப் போகற தூரத்தையும் அதுக்கு ஆகற கூலி நஷ்டத்தையும் திட்டச் செலவுல சேர்த்துக் கணக்கு பண்ணுங்க, இப்போ அது அவங்க தலையிலதான் விடியுது.

தேதி தவறினா கூட்டிக் குடுங்க. இது நடக்காத காரியம்னு சொல்லாதீங்க, இந்தியாவுல நூறு நாள் வேலைச் சட்டத்துல 15 நாளுக்குள்ள கூலி வரலன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் நஷ்டஈடுன்னு விதி வச்சிருந்தாங்க. விதி இருந்தும் ஒரு ஓட்டை, உள்ளூர் ஆபீஸ்ல பணம் அனுப்பற உத்தரவு தயாரான தேதி வரைக்கும்தான் தாமதத்தைக் கணக்குல எடுத்தாங்க, அதுக்கு மேல மேலிடத்துல எத்தனை வாரம் கிடந்தாலும் அது தாமதமே இல்லன்ற மாதிரி, 2018ல சுப்ரீம் கோர்ட் தலையிட்டு அது தப்புன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. அதனால நீங்க எழுதும்போது தெளிவா எழுதிடுங்க, உத்தரவு போட்ட தேதியும் இல்ல, பேங்க்ல வரவு வச்ச தேதியும் இல்ல, அந்த அம்மா பணத்தை எண்ணிக் கையில வாங்கின தேதி வரைக்கும் தாமதம் உங்க கணக்குன்னு.